ஃபயர்பிளேஸை சுத்தி சுவர் முடிக்கறது: தீயை விடுங்க, சூட்டைப் பாருங்க

நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தைல சொல்லிப் பாக்கறேன். மரம் எரிக்கற ஃபேக்டரி மாடல் இரும்புப் பெட்டி ஃபயர்பிளேஸ் ஒண்ணு புதுசா மாட்டியாச்சு. பெட்டிக்கும் சுத்தி இருக்கற ஜிப்சம் போர்டுக்கும் நடுவுல ஒரு இன்ச் சந்து தெரியுது, உள்ள மரச்சட்டம் கூட கண்ணுக்குத் தெரியுது. அந்த சந்தை அடைச்சு, மேல டைல்ஸ் ஒட்டி, அதுக்கும் மேல ஒரு மரப்பலகை வெச்சு அழகா முடிக்கணும். வேலை செய்யறவர் "ஃபயர் ரேட்டட் ஜிப்சம் போர்டு போட்டுடலாம், அதை பெட்டியை ஒட்டியே கொண்டு வரலாம், தீப்பிடிக்காது"ன்னு சொல்றாரு, இது சரியான்னு கேக்கறீங்க. கேள்வி எதை ஒட்டறதுன்னு இருந்தாலும், நீங்க உண்மையில தெரிஞ்சுக்க வேண்டியது எந்தப் பொருள் எவ்வளவு கிட்ட வரலாம்ங்கறதுதான். அவர் சொன்னது தப்பு. ஏன்னு கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இதே தப்பை நல்ல நல்ல வேலைக்காரங்களே பண்ணிப் பாத்திருக்கேன்.

நான் இருபது வருஷத்துக்கு மேல டைல், கல்லு, பூச்சு வேலை பாக்கறவன், அதுல ஃபயர்பிளேஸ் முகப்பு வேலை நிறைய. புகைபோக்கி மாட்டறது, கேஸ் லைன் இழுக்கறது என் வேலை இல்ல, அதனால அந்தப் பக்கம் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். உங்க மாடலோட மேனுவலையும் நான் பாக்கல, அதனால நான் சொல்ற எந்த நம்பரும் மேனுவல்ல இருக்கற நம்பரை மீற முடியாது. ரெண்டும் முரண்பட்டா மேனுவலைக் கேளுங்க, என்னை விட்டுடுங்க.

இப்ப அந்த ஃபயர் ரேட்டட் விஷயம். அந்த போர்டு மேல எழுதியிருக்கற "ஒரு மணி நேரம்"ங்கறது எதுக்குன்னா, வீடு பத்தி எரியும்போது பக்கத்து ரூமுக்கு தீ தாண்டாம எவ்வளவு நேரம் ஒரு சுவர் தாங்கும்னு உலைல வெச்சு சோதிச்சுப் பாத்தது. டைப் எக்ஸ்னு பேர் போட்டு வர்ற 16 மில்லிமீட்டர் ஃபயர் ரேட்டட் போர்டை சட்டத்தோட சேத்து அந்த சோதனைல வெச்சா, ஒரு மணி நேரம் முடியறப்போ உலை சுமார் 927 டிகிரி செல்சியஸைத் தொடும். போர்டு எப்படி அதைத் தாங்குதுன்னா, ஜிப்சத்துக்குள்ள எடைல ஐஞ்சுல ஒரு பங்கு தண்ணி ரசாயனமா கட்டுண்டு கிடக்கு, சூடு ஏற ஏற அந்தத் தண்ணி ஆவியாகி வெளிய போயி சூட்டை இழுத்துக்கும். அதாவது தன்னையே அழிச்சுக்கிட்டுதான் உங்களைக் காப்பாத்துது. ஒரே ஒரு தடவை சாகறதுக்காக செஞ்ச பொருள் அது. ஃபயர்பிளேஸ் பக்கத்துல நடக்கறது வேற. அங்க உலை சூடெல்லாம் கிடையாது, ஆனா குளிர் காலம் பூரா சாயந்திரம் சாயந்திரம் நாலஞ்சு மணி நேரம் மிதமான சூடு, பத்து இருபது வருஷத்துக்கு. ஜிப்சம் போர்டு கம்பெனிங்களே 52 டிகிரிக்கு மேல தொடர்ந்து சூடு படற இடத்துல போடாதீங்கன்னுதான் சொல்றாங்க. அதைத் தாண்டினா அந்தத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கழண்டு போயி போர்டு உதிர ஆரம்பிச்சுடும், கையால அழுத்தினா மாவா வரும். அதோட போர்டுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கறது காகிதம். காகிதம் எரியற பொருள்தானே. அதனாலதான் நிறைய மேனுவல்ல ஜிப்சம் போர்டையும் எரியக்கூடிய பொருள் லிஸ்ட்லயே போட்டிருப்பாங்க, டைப் எக்ஸ் உட்பட. தீயைத் தடுக்கற பொருள், எரியாத பொருள், ரெண்டும் ஒண்ணு இல்ல. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

இன்னொரு நம்பிக்கை இருக்கு, "மேல டைல்ஸ் ஒட்டிட்டோமே, அப்புறம் என்ன"ன்னு. டைல் எரியாது, ஒத்துக்கறேன். ஆனா டைல் சூட்டை நிறுத்தாது, தோசைக்கல்லு மாதிரி வாங்கி பின்னாடி கடத்திடும். பின்னாடி ப்ளைவுட்டோ மரச்சட்டமோ இருந்தா அது டைலுக்கு உள்ள ஒளிஞ்சுக்கிட்டு வெந்துக்கிட்டே இருக்கும், உங்களுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது. மரம் சாதாரணமா பத்திக்கணும்னா 250, 300 டிகிரி வேணும். ஆனா வருஷக்கணக்கா கம்மி சூட்டுல காஞ்சுக்கிட்டே இருந்தா மரம் மெதுவா கரியா மாற ஆரம்பிக்கும், அந்தக் கரி சூட்டை உள்ளயே பிடிச்சு வெச்சுக்கும், அப்புறம் ரொம்ப கம்மியான சூட்டுலயே கனன்று எரிய வாய்ப்பு உண்டு. இதுல எது நிச்சயம், எது சந்தேகம்னு பிரிச்சு சொல்லணும். நீண்ட கால சூடு மரத்தைக் கெடுக்கும், கருக்கும்ங்கறது நிச்சயம், பழைய முகப்பை உடைக்கும்போது பழுப்பா, கருப்பா, எடையே இல்லாம போன சட்டங்களை நானே கையில எடுத்திருக்கேன். எத்தனை டிகிரில எத்தனை வருஷத்துல பத்திக்கும்னு கேட்டா, அதுல ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது. அதனாலதான் பாதுகாப்புக் கணக்கு போடறவங்க மரத்துக்கு தொடர்ந்து படற சூடு 77 டிகிரியைத் தாண்டக்கூடாதுன்னு கீழ இறக்கியே வெச்சிருக்காங்க. "என் வீட்டுல பத்து வருஷமா இப்படித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகல"ன்னு யாராவது சொன்னா, அந்தப் பத்து வருஷமும் மரம் உள்ள காஞ்சுக்கிட்டுதான் இருந்திருக்கும்.

சரி, உங்க பெட்டிக்கு வருவோம். முதல் வேலை, டைல் கடைக்குப் போறதுக்கு முன்னாடி, பெட்டியோட மாடல் தகடைத் தேடுங்க. பெரும்பாலும் திறப்புக்கு உள்ள பக்கவாட்டுலயோ, கீழ கிரில்லுக்குப் பின்னாடியோ ஒட்டியிருப்பாங்க. அதுல மாடல் நம்பர் இருக்கும், எரியற பொருள் எவ்வளவு தள்ளி இருக்கணும்ங்கற சுருக்கமும் பல சமயம் அதுலயே இருக்கும். மேனுவலைத் திறந்தா மூணு படம் தேடுங்க. சட்டம் அடிக்கற படம், முகப்பு முடிக்கற படம், மேல் பலகை எவ்வளவு உயரத்துல எவ்வளவு நீட்டலாம்ங்கற படம். ரெண்டாவது படத்துல எந்த இடம் வரைக்கும் எரியாத போர்டு மட்டும்தான்னு கோடு போட்டு காட்டியிருப்பாங்க. பெட்டி உச்சியில நீட்டிக்கிட்டு நிக்கற தகடு முளைங்க இருக்கா பாருங்க. அது ஏதோ பேக்கிங்ல மிச்சம் வந்த துண்டு இல்ல, மரச்சட்டம் அதுக்கு மேல உக்கார முடியாதபடி இடைவெளியைக் காக்கறதுக்காக வெச்சது. "இடிக்குது"ன்னு அதை தட்டி மடக்கி விடறவங்க இருக்காங்க, அப்படி ஏதாவது நடந்திருந்தா அங்கயே வேலையை நிறுத்துங்க.

அந்த ஒரு இன்ச் சந்து உங்களுக்கு அசிங்கமா தெரியுது, ஆனா பெட்டிக்கு அது மூச்சு விடற இடமா இருக்கலாம். ஃபேக்டரி பெட்டி எப்படி இவ்வளவு மெலிசா இருந்தும் மரச்சட்டத்துக்குப் பக்கத்துல நிக்குதுன்னா, தகட்டுக்கு தகடு நடுவுல காத்து ஓடி சூட்டை எடுத்துட்டுப் போகுது, அந்தக் காத்து இடைவெளியும் சேத்துதான் சோதனை பண்ணி சான்று வாங்கியிருப்பாங்க. அதனால சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்கற இடத்துல எதையும் திணிக்காதீங்க. ஸ்ப்ரே ஃபோம் அடிக்கவே கூடாது, அது பாலியூரித்தேன், நல்லா எரியும். ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழையாக்கின பஞ்சு, எரியாதேன்னு கேப்பீங்க, உண்மைதான், ஆயிரம் டிகிரி தாங்கும், ஆனா பிரச்சனை அது எரியறதுல இல்ல. போர்வை போத்தின மாதிரி அது சூட்டை அங்கயே தேக்கி வெச்சுடும், காத்து எடுத்துட்டுப் போக வேண்டிய சூடு நேரா சட்டத்துல இறங்கும். மேனுவல் சொன்னாத்தவிர அதுவும் வேண்டாம். அதே மாதிரி பெட்டி முகத்துல மேலயும் கீழயும் வரி வரியா திறப்பு இருந்தா அதுதான் காத்து போற வாசல், டைல் அழகா வரணும்னு அதுல ஒரு விரல் அளவு கூட மூடக்கூடாது. சில பேர் அந்தக் கருப்பு இரும்பு முகத்தையே கல்லு ஒட்டி மறைச்சுடறாங்க, பாக்க நல்லாத்தான் இருக்கும், பெரும்பாலான மாடலுக்கு அது தடை.

அப்ப சந்தை எப்படித்தான் மூடறது? பின்னாடி இருக்கற இடத்தை விட்டுடுங்க, முன்னாடி முகத்தை மட்டும் மூடுங்க. இப்ப இருக்கற ஜிப்சம் போர்டை மேனுவல் சொல்ற கோடு வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அங்கருந்து பெட்டியோட விளிம்பு வரைக்கும் எரியாத போர்டு போடுங்க. சிமெண்ட் போர்டு போதும், காசு கூட ஆனாலும் பரவால்லன்னா கால்சியம் சிலிகேட் போர்டு, அது சூட்டுக்கு இன்னும் நல்லது. சிமெண்ட் போர்டு வாங்கும்போது ஒண்ணு கவனிங்க, எடை குறைக்கறதுக்காக உள்ள தெர்மோகோல் மணி கலந்த ரகம் இருக்கு, மரநார் கலந்த ரகம் இருக்கு, எல்லாமே "எரியாத பொருள்" சோதனைல தேறினது கிடையாது. போர்டு மேல சிமெண்ட்னு எழுதியிருக்குங்கறது போதாது, அந்தப் பொருளுக்கு கம்பெனி தர்ற விவரத் தாள்ல, அதாவது டேட்டா ஷீட்ல, எரியாத பொருள்னு தெளிவா இருக்கணும். சட்டத்தைத் தாண்டி போர்டு கொஞ்சம் தொங்கலா பெட்டி விளிம்பு வரைக்கும் வரும், அது சரிதான், பெட்டிலயே ஆணி அடிக்கற தகடு விளிம்பு இருந்தா அதுல மட்டும் பிடிங்க, பெட்டி உடம்புல எந்தக் காரணத்துக்கும் ஓட்டை போடாதீங்க. போர்டு வெட்டும்போது கிரைண்டர் வெச்சு காஞ்ச நிலைல அறுக்காதீங்க, அந்தப் புகை மாதிரி பறக்கறது சிலிக்கா தூள், நுரையீரலுக்குப் போனா திரும்பி வராது. கத்தியால கீறி உடைக்கறது போதும், இல்லன்னா தண்ணி விட்டு அறுங்க, நல்ல மாஸ்க் போடுங்க, துணி கட்டிக்கறதெல்லாம் கணக்குல வராது. பழைய சுவத்தை உடைச்சு புதுப் பெட்டி வெச்சிருந்தா, அந்தப் பழைய போர்டுல, பட்டில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னு சோதிக்காம தொடாதீங்க.

போர்டும் போர்டும் சேர்ற மூட்டுக்கு ஃபைபர் கிளாஸ் வலை டேப்பும் தண்ணில கலந்து இறுகற பட்டியும் போடுங்க. டப்பால கலந்தே வர்ற பட்டி, காகித டேப் இந்த இடத்துக்கு வேண்டாம், முதல் குளிர் காலத்துலயே நூல் பிடிச்ச மாதிரி விரிசல் வரும். டைல் ஒட்டற இடத்துல மூட்டுக்கு டைல் அட்ஹெசிவையே வெச்சு இழுத்துடலாம்.

இப்ப டைல். டைல்ல பெரிசா தப்பு பண்ண முடியாது, தப்பெல்லாம் பசைலதான். நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு முகப்புக்கு டப்பாவுல ரெடியா வர்ற வெள்ளைப் பசை போட்டு ஒட்டினேன், சுவத்துல சறுக்காம நல்லா பிடிக்கும், வேலை சீக்கிரம் முடியும்னு. ரெண்டாவது வாரம் கூப்பிட்டாங்க, போயி பாத்தா திறப்புக்கு மேல இருந்த வரிசை ஒரு நூல் கீழ இறங்கி நிக்குது, விரலால தள்ளினா நகருது. அந்தப் பசை சூட்டுல இளகிடுது, அவ்வளவுதான். மொத்தத்தையும் பேத்து என் காசுல மறுபடி ஒட்டிக் குடுத்தேன். சிமெண்ட் பேஸ்ல வர்ற தூள் அட்ஹெசிவ்தான் இங்க போடணும், அதுலயும் பாலிமர் இருக்கும், அதுக்கும் ஒரு சூட்டு வரம்பு உண்டு, பையில இல்லன்னா டேட்டா ஷீட்ல இருக்கும், பாத்து வாங்குங்க. டைலுக்கு டைல் நடுவுல இடுக்கு அடைக்கறதுக்கு ரெசின்ல வர்ற எபாக்ஸி கிரவுட்டும் இதே காரணத்துக்காக திறப்பு பக்கத்துல வேண்டாம், சாதா சிமெண்ட் கிரவுட் போதும். இன்னொண்ணு, நான் சொல்றதெல்லாம் வெளி முகத்துக்கு. நெருப்பு எரியற உள் பெட்டிக்குள்ள டைல் ஒட்டற யோசனை இருந்தா அதை இப்பவே விட்டுடுங்க, அங்க கம்பெனி குடுத்த தீக்கல் பலகையைத் தவிர வேற எதுவும் போகக்கூடாது.

டைலை இரும்பு விளிம்புல முட்டற மாதிரி கொண்டு போகாதீங்க. சின்ன கணக்கு ஒண்ணு பாருங்க. இரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். ஒரு மீட்டர் அகல முகம் 150 டிகிரி ஏறினா 1.8 மில்லிமீட்டர் வளரும். பக்கத்துல இருக்கற டைல் அதுல பாதி வேகத்துலதான் நீளும், அதுக்கு ஏறற சூடும் கம்மி, 50 டிகிரி ஏறினா 0.3 மில்லிமீட்டர்தான் வரும். ஒண்ணு நகருது, ஒண்ணு நிக்குது, நடுவுல கிரவுட் இருந்தா அது உடையாம என்ன செய்யும். அதனால சுத்திலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதுல அதிக சூடு தாங்கற சிலிகான் போடுங்க, 250 டிகிரிக்கு மேல தாங்கும்னு எழுதியிருக்கற ரகம், பாத்ரூம் சிலிகான் இல்ல. ஃபயர் சிமெண்ட்னு ஒண்ணு டியூப்ல வரும், அது ஆயிரம் டிகிரிக்கும் மேல தாங்கும், ஆனா கல்லாட்டம் இறுகிடும், அசையற இடத்துல போட்டா ரெண்டு மாசத்துல பொரிஞ்சு விழும். உங்க மாடலுக்கு எதுன்னு மேனுவல் பேர் சொல்லியே குடுத்திருந்தா அதையே போடுங்க.

கனம் எவ்வளவு வரும்னு முன்னாடியே கூட்டிப் பாருங்க. 12 மில்லிமீட்டர் போர்டு, 4 மில்லிமீட்டர் பசை, 10 மில்லிமீட்டர் டைல், ஆக 26 மில்லிமீட்டர், ஒரு இன்ச்சுக்கு மேல. பெட்டி முகம் சுவத்தை விட்டு அவ்வளவு வெளிய வந்திருக்கா? இல்லன்னா டைல் பெட்டிக்கு முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும், கண்ணாடிக் கதவு திறக்காது, கிரில்லைக் கழட்ட முடியாது, நாளைக்கு சர்வீஸ் பண்ண வர்றவர் உங்க டைலை உடைச்சுத்தான் உள்ள போவாரு. பெட்டி மாட்டறதுக்கு முன்னாடியே பாக்க வேண்டிய கணக்கு இது, இப்ப மாட்டியாச்சுங்கறதால மெலிசான டைலாப் பாத்து சமாளிக்கலாம்.

கிரானைட், மார்பிள், செங்கல் துண்டு, போர்சலின் எல்லாம் தாராளமா போடலாம். குவார்ட்ஸ்னு விக்கற செயற்கைக் கல்லுல ரெசின் கலந்திருக்கு, திறப்பை ஒட்டி வேண்டாம், நிறம் மாறும், விரிசலும் விடும். பிவிசி பேனல், மரத்தூள் பேனல், ஒட்டற வால்பேப்பர் இதெல்லாம் இப்ப எல்லாரும் படம் போட்டு காட்டறாங்க, பிவிசி 80 டிகிரிலயே துவண்டுடும், மேனுவல் கோட்டுக்கு வெளியன்னா உங்க இஷ்டம், உள்ளன்னா பேச்சே இல்ல. தடிமனான கல்லு ஒட்டற ஆசை இருந்தா எடையைப் பாருங்க. ஒட்டற கல்லுக்கு அமெரிக்க விதிகள்ல பல வருஷமா சதுர மீட்டருக்கு சுமார் 73 கிலோதான் வழக்கமான மேல்வரம்பு, அதுக்கு மேல போனா கீழ தாங்க அடித்தளம் வேணும், சுவத்துல தொங்கவிடக்கூடாது.

மேல் பலகைக்கு வருவோம், நிறைய பேருக்கு இதுதான் வருத்தத்துல முடியற இடம், ஏன்னா நல்ல தேக்குப் பலகை வாங்கி வெச்சிருப்பாங்க, உயரம் பத்தாது. கல் கட்டின ஃபயர்பிளேஸுக்கு அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதி என்ன சொல்லுதுன்னா, திறப்புலருந்து 6 இன்ச்சுக்குள்ள எரியற பொருள் எதுவுமே கூடாது. 6லருந்து 12 இன்ச்சுக்குள்ள இருந்தா, தள்ளி இருக்கற ஒவ்வொரு இன்ச்சுக்கும் எட்டுல ஒரு பங்கு இன்ச்தான் முன்னாடி நீட்டலாம். அதாவது திறப்புக்கு மேல 8 இன்ச்ல இருக்கற மரம் 1 இன்ச்தான் துருத்தலாம், 12 இன்ச்ல ஒன்றரை இன்ச். பூச்சட்டி வெக்கற மாதிரி 6, 7 இன்ச் அகலப் பலகை வேணும்னா 12 இன்ச்சுக்கு மேலதான் போகணும். இந்தக் கணக்கு கல் கட்டுக்குத்தான், உங்களோடது ஃபேக்டரி பெட்டி, அதுக்கு மேனுவல் படத்துல இருக்கறதுதான் விதி, அது இதைவிட கடுமையாவும் இருக்கலாம். ஒப்பிட ஒரு அளவு கைல இருக்கட்டும்னுதான் இதைச் சொன்னேன். உயரம் பத்தலன்னா கல்லுலயோ, மரம் மாதிரியே வார்த்த கான்கிரீட்லயோ பலகை செய்யலாம், எரியாத பொருள்னு சான்று இருந்தா கீழ இறக்க பல மாடல்ல அனுமதி உண்டு. பலகையைத் தாங்கற கட்டையும் மரமா இருக்கக்கூடாதுங்கறதை மறந்துடாதீங்க, மேல கல்லு வெச்சு உள்ள மரக்கட்டை வெச்ச புத்திசாலிங்களையும் பாத்திருக்கேன்.

டிவியை ஃபயர்பிளேஸுக்கு மேல மாட்டப் போறீங்கன்னா, பெரும்பாலான டிவி மேனுவல்ல சுத்துப்புற சூடு 40 டிகிரி வரைக்கும்தான்னு இருக்கும். முன்னாடி நீட்டின பலகை சூட்டைக் கொஞ்சம் தள்ளி விடும், ஆனாலும் மரம் எரிக்கற பெட்டிக்கு மேல டிவி எனக்குப் பிடிக்காது. இது என் கருத்து மட்டும்தான். ஒயரை மட்டும் புகைக்குழாய் போற இடத்துக்குள்ள இழுக்காதீங்க, இது கருத்து இல்ல.

நீங்க கேக்காத ஒண்ணு, தரை. திறப்புக்கு முன்னாடி எரியாத தரை எவ்வளவு வேணும்ங்கறதும் முகப்பு வேலைல சேர்ந்ததுதான். அதே அமெரிக்க விதில, திறப்பு 6 சதுர அடிக்குள்ளன்னா முன்னாடி 16 இன்ச், ரெண்டு பக்கமும் 8 இன்ச். அதுக்கு மேலன்னா முன்னாடி 20, பக்கத்துல 12. பெட்டியோட சேத்து மெலிசா தகடு பட்டை ஒண்ணோ ரெண்டோ குடுத்திருப்பாங்க, பெட்டியோட முன் விளிம்புக்கு அடில பாதியும் தரை டைலுக்கு அடில பாதியும் போற மாதிரி வெக்கறது. தெறிச்சு விழற கங்கு அந்த இடுக்கு வழியா கீழ மரத்தரைக்குப் போகாம இருக்கத்தான் அது. என்னன்னு தெரியாம அதைக் குப்பைல போட்டுடறது ரொம்ப சாதாரணம். உங்க வீட்டுல அது எங்க இருக்குன்னு இன்னிக்கே தேடுங்க, தரை டைல் ஒட்டினப்புறம் வெக்க முடியாது.

இதைப் படிக்கற மத்தவங்களுக்காக சுருக்கமா. கேஸ் பெட்டின்னா சூடு கம்மின்னு நினைக்காதீங்க, மேல் பக்கம் சில மாடல்ல மரம் எரிக்கறதை விட அதிகமா அடிக்கும், கண்ணாடிக்கு முன்னாடி வர்ற வலையைக் கழட்டி வீசாதீங்க, குழந்தை கை சுடாம இருக்கத்தான் அது. மின்சார ஃபயர்பிளேஸ்னா பெரும்பாலும் சாதா ஜிப்சம் போர்டே போதும், சூடான காத்து வர்ற வாயை மறைக்காம இருந்தா சரி. செங்கல்லுல கட்டினதுன்னா பூச்சும் கட்டும் நல்லா காயற வரைக்கும் பெரிய நெருப்பு கூடாது, உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி பூச்சைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும்.

பெயிண்ட்டு பத்தி. கோட்டுக்கு வெளிய இருக்கற சுவத்துக்கு சாதா எமல்ஷன் போதும். ஆயில் எனாமல் சூட்டுல மஞ்சளாகும். 600 டிகிரி தாங்கற அடுப்பு பெயிண்ட்டு இரும்புக்குத்தான், சுவத்துல அடிச்சா சுவர் ஒண்ணும் சூடு தாங்கறதா மாறிடாது. ஒருவேளை முடிச்சு கொஞ்ச நாள்லயே திறப்புக்கு மேல சுவர் கருக்க ஆரம்பிச்சா மறுபடி பெயிண்ட்டு அடிச்சு மறைக்காதீங்க. அது பெரும்பாலும் புகை சரியா மேல இழுக்காம ரூமுக்குள்ள திரும்புதுன்னு அர்த்தம், புகையோட கார்பன் மோனாக்சைடும் வரும். அங்கருந்து அது புகைபோக்கி ஆளோட வேலை, என்னோடது இல்ல. அந்த வாயுவுக்கு அலாரம் ஒண்ணு எப்படி இருந்தாலும் மாட்டிடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் உடனே பத்த வெக்காதீங்க, அட்ஹெசிவும் கிரவுட்டும் பையில போட்டிருக்கற நாள் கணக்குக்கு காயட்டும், அவசரப்படுத்த ஹீட்டர் வெக்கவும் வேண்டாம். அப்புறம் மூணு நாலு தடவை சின்ன நெருப்பு, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. முதல் தடவை இரும்புல இருக்கற பெயிண்ட்டு இறுகற வாசனை வரும், ஜன்னலைத் திறந்து வைங்க, பயப்பட வேண்டாம். நல்லா பெரிசா எரிக்கற முதல் நாள்ல ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வெச்சு பலகையோட அடிப்பக்கம், ஜிப்சம் போர்டு ஆரம்பிக்கற கோடு, பெட்டிக்கு மேல சுவர், மூணு இடத்துலயும் அளந்து எழுதி வைங்க. பளபளப்பான இரும்பை அப்படியே அளந்தா கம்மியா காட்டும், மேல ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி அது மேல அளக்கணும். ஜிப்சம் கோட்டுல 52 தாண்டுதுன்னாலோ, பலகை அடில 77ஐ நெருங்குதுன்னாலோ, நெருப்பைக் குறைச்சுட்டு மாட்டினவரைக் கூப்பிடுங்க. வெளிய தெரியற சூடுதான் இது, உள்ள சட்டத்துல என்னன்னு இந்தக் கருவி சொல்லாது, அதனால நம்பர் நல்லா வந்ததுங்கறதுக்காக இடைவெளி கணக்கை விட்டுக்குடுக்க முடியாது.

போர்டை வெட்டறதுக்கு முன்னாடி அந்த மாடல் தகடு, பெட்டியோட மேல் முளைங்க, சந்துக்குள்ள தெரியற சட்டம், இந்த மூணையும் பக்கத்துல டேப் பிடிச்சு அளவோட படம் எடுத்து இங்க போடுங்க. மாட்டினவர் சட்டத்தையே தப்பான இடத்துல அடிச்சிருந்தா நான் மேல சொன்ன டைல் கதையெல்லாம் அப்புறம்தான்.